பிள்ளைப்பேறு எங்கள் மண்ணில், எங்கள் கையில்

ஆஸ்திரேலியப் பூர்வகுடித் தாய்மாரும் பாட்டிமாரும் மருத்துவச்சிகளும் கூடி இந்த இயக்கத்தைத் தொடங்குகிறோம்.

வடக்குப் பிராந்தியத்தின் தொலைதூர ஊர்களில், நாள் நெருங்கிய கர்ப்பிணியை விமானத்தில் ஏற்றி டார்வினுக்கோ ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கோ அனுப்புகிறார்கள். அங்கே விடுதியில் வாரக்கணக்கில், பல வேளை தன்னந்தனியாக, வலிக்குக் காத்திருக்கிறாள். மூத்த பிள்ளைகள் ஊரில். பாதுகாப்புக்காகத்தான் என்கிறார்கள். சிக்கலான பிரசவத்துக்குப் பெரிய மருத்துவமனை வேண்டும். அதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தனிமைக்குப் பயந்து, பேறு நாளையும் வலியையும் மறைத்து ஊரிலேயே இருந்துவிடுகிறவளுக்கு அந்தப் பாதுகாப்பு எட்டுவதே இல்லையே!

இன்னொரு பயம் அதைவிடப் பழையது. இருபதாம் நூற்றாண்டில் ஏறக்குறைய 1970 வரை அரசுகளும் கிறித்தவ மிஷன்களும் எங்கள் பிள்ளைகளைத் தாய்மடியிலிருந்து பிடுங்கிச் சென்றன. 1997இல் அதைப் பற்றிய விசாரணை அறிக்கை வந்தது. 2008 பிப்ரவரி 13 அன்று பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார், அதைக் கேட்டு நாங்கள் அழுதோம். இன்றைக்கும் பெற்றோரிடமிருந்து பிரித்து அரசுப் பராமரிப்பில் வைத்திருக்கும் பிள்ளைகளில் பத்துக்கு நான்கு பேருக்கு மேல் எங்கள் பிள்ளைகள். மக்கள்தொகையிலோ நாங்கள் நூற்றுக்கு நான்கு பேர்கூட இல்லை. சில மாநிலங்களில் வயிற்றுப்பிள்ளையின் பேரிலேயே புகார் பதிவாகிறது. பரிசோதனைக்குப் போனால் பிள்ளையை இழப்போம் என்று நம்புகிறவளை, ஏன் சீக்கிரம் வரவில்லை என்று அதட்டுவது எந்த ஊர் நியாயம்?

பிள்ளை 2,500 கிராம் எடைக்குக் கீழே பிறந்தால் தாயின் சிகரெட்டைக் காட்டுகிறார்கள். அது கேடு என்று எங்களுக்கும் தெரியும். மிஷன்களில் மாவோடும் சர்க்கரையோடும் புகையிலையை ரேஷனாக அளந்து கொடுத்தது யார் என்பதும் தெரியும். நெரிசலான வீட்டில் சிறுவயதில் தொற்றிய தொண்டைப்புண் ரூமாட்டிக் இதயநோயாக முற்றி, கர்ப்ப காலத்தில் தாயின் உயிருக்கே உலை வைக்கிறது. பென்சிலின் ஊசியில் தீர்ந்துவிடும் சிஃபிலிஸ், 2011 முதல் வடக்கே பரவிச் சிசுக்களைக் கொன்றிருக்கிறது.

வழி தெரியாமல் யாரும் நிற்கவில்லை. 1971இல் சிட்னி ரெட்ஃபெர்னில் எங்கள் மக்கள் தங்கள் மருத்துவ நிலையத்தைத் தாங்களே திறந்தார்கள். ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் பாட்டிமாரின் நெறியை முன்வைத்து எழுந்தது அலுக்குரா என்ற பெண்கள் நல நிலையம். பிரிஸ்பேனில் 2013இல் தொடங்கிய திட்டத்தில், கர்ப்பம் முதல் பிள்ளை பிறந்த பிறகும் தாய்க்குத் தெரிந்த அதே மருத்துவச்சி கூட இருக்கிறாள். சேர்ந்தவர்களுக்குக் குறைமாதப் பிரசவ வாய்ப்பு மற்றவர்களைவிட 38 சதவீதம் குறைவு என்று ஆய்வு சொல்கிறது. 2031க்குள் எங்கள் பிள்ளைகளில் 91 சதவீதம் நல்ல எடையோடு பிறக்க வேண்டுமென்று இலக்கு வைத்திருக்கும் அரசு, இத்தகைய திட்டங்களுக்கு நிரந்தரமாகப் பணம் ஒதுக்கட்டும்.

நகரத்துக்கு அனுப்பப்படும் ஒவ்வொரு கர்ப்பிணியுடனும் ஓர் உறவுப்பெண் அரசுச் செலவில் போக வேண்டும். எங்கள் பெண்கள் தங்கள் ஊரிலிருந்தே மருத்துவச்சிப் படிப்பு முடிக்க வசதி வேண்டும். பிரசவ அறையிலிருந்து பிள்ளையை எடுத்துப்போவது நிற்க வேண்டும். தாய்க்கு உதவி தேவையென்றால் முதலில் கேட்க வேண்டியது பாட்டியை, பெரியம்மாவை, அத்தையை.

இயக்கத்தில் பூர்வகுடியல்லாத மருத்துவர்களும் தாதியரும் சேரலாம். கணக்கு எழுதலாம், வண்டி ஓட்டலாம், அமைச்சருக்கு மனு போடலாம். முடிவெடுக்கும் குழுவில் வாக்கு எங்கள் பெண்களுக்கு மட்டுமே.