மேனேஜர் வேலை, ஃபீல்டு சம்பளம்

பி.காம் கடைசி வருடம். கேம்பஸ் இன்டர்வியூவில் ஒன்றும் அமையவில்லை. அப்போதுதான் அந்தப் பையன் கண்ணில் விளம்பரம் படுகிறது: 'சேல்ஸ் மேனேஜ்மென்ட். அனுபவம் தேவையில்லை.' இஸ்திரி போட்ட சட்டை, ஃபைலில் மார்க் ஷீட். திருவான்மியூரில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்து கொட்டிவாக்கம் போய்ச் சேர்கிறான். மாடியில் ஆபீஸ். ஏற்கெனவே இருபது பேர் காத்திருக்கிறார்கள்.

உள்ளே ஐந்தே நிமிடம். ஃபைலை யாரும் திறக்கவில்லை.

"பைக் இருக்கா தம்பி? நாளைக்குக் காலையில ஃபீல்டுக்கு வந்துடுங்க."

சம்பளம்?

"அது உங்க கையிலதான் இருக்கு. வித்தா இன்சென்டிவ்."

யாரை மேனேஜ் பண்ணணும் சார்?

"முதல்ல உங்களை நீங்களே மேனேஜ் பண்ணுங்க!"

பையன் திரும்பி வந்துவிட்டான். வீட்டில் திட்டு. 'முதல் வேலையிலேயே நாற்காலி கேட்டால் எப்படி?'

இங்கேதான் பெரியவர்கள் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். வெயிலில் அலைந்து விற்பதில் கேவலம் எதுவும் இல்லை. மளிகைக் கடை அலமாரியில் இருக்கும் ஒவ்வொரு பிஸ்கட் பாக்கெட்டுக்குப் பின்னாலும் ஒரு ரெப்பின் நடை இருக்கிறது. அப்படியென்றால் 'ரெப் வேண்டும்' என்றே விளம்பரம் செய்யலாமே? மேனேஜர் என்று எதற்காகத் தூண்டில் போட வேண்டும்?

பட்டம் வெறும் அலங்காரம் இல்லை நண்பர்களே. 2020-ல் இயற்றப்பட்டு 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு, விற்பனை மேம்பாட்டு ஊழியர்களையும் சேர்த்தே 'தொழிலாளி' என்கிறது. ஆனால் முக்கியமாக நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்கள் அந்த வரையறைக்கு வெளியே. நாளைக்கு வேலையை விட்டுத் தூக்கினால், 'நீ தொழிலாளியே இல்லை, மேனேஜர்' என்று கம்பெனி வாதாட அந்த ஒரு வார்த்தை வழி திறந்துவிடும்.

ஆறுதலான விஷயமும் உண்டு. 1994-ல் செருப்புக் கம்பெனி ஒன்றின் கடை மேனேஜர் வழக்கில் உச்ச நீதிமன்றம், பதவியின் பெயர் முக்கியமில்லை, செய்யும் வேலையின் தன்மைதான் முக்கியம் என்று தெளிவாகச் சொன்னது. அந்த மனிதர் உண்மையிலேயே கடையை நிர்வகித்ததால் தோற்றுப்போனார் என்பது வேறு கதை. ஆனால் பெயருக்கு மட்டும் மேனேஜராக இருப்பவருக்கு அதே தீர்ப்புதான் துணை. என்ன, அதை நிரூபிக்கக் கையில் காகிதம் வேண்டும்.

அதனால் இன்டர்வியூவுக்குப் போகிறவர்கள் கூச்சப்படாமல் மூன்று கேள்வி கேளுங்கள். இன்சென்டிவ் போக நிலையான சம்பளம் எவ்வளவு? எனக்குக் கீழே எத்தனை பேர்? நியமனக் கடிதம் எப்போது கிடைக்கும்? பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் ஊழியர் ஒவ்வொருவருக்கும் நியமனக் கடிதம் தர வேண்டும் என்பது இப்போது சட்டம். கேட்பது திமிர் இல்லை.

மூன்றுக்கும் பதில் சிரிப்பாகவே வந்தால் எழுந்து வந்துவிடலாம். போனது ஒரு நாளும் ஷேர் ஆட்டோ காசும்தான்.