பரணில் தூங்கும் பாடப் புத்தகங்கள்

கருப்பட்டி என்றால் உடன்குடி. பதநீரைக் காய்ச்சி, சிரட்டையில் ஊற்றி, கருப்பட்டி ஆக்கும் ஊர். அங்கிருந்து திருச்செந்தூருக்குச் சுமார் 15 கிலோமீட்டர். அங்கே கல்லூரிகள் இருக்கின்றன. பனை ஏறுகிறவரின் மகளும், கடலுக்குப் போகிறவரின் மகனும் பஸ் ஏறிப் போய்ப் பட்டம் வாங்கலாம்.

கல்லூரிக் கட்டணத்தைப் பெற்றோர் எப்படியோ புரட்டி விடுகிறார்கள். அதற்குப் பிறகுதான் புத்தகப் பட்டியல் வருகிறது! அரசுப் பள்ளிக்கூடத்தில் புத்தகம் இலவசமாகக் கிடைத்தது. கல்லூரியில் அப்படி அல்ல. பாடத்துக்கு ஒரு புத்தகம். ஒவ்வொன்றும் சில நூறு ரூபாய்.

அதனால் பலர் புத்தகமே வாங்குவது இல்லை. மெல்லிய "கைடு" ஒன்றை வாங்கி, அதை உருப்போட்டுத் தேர்வு எழுதி விடுகிறார்கள். இது சிக்கனம் அல்ல, நஷ்டம். மூன்று வருடம் படித்த பிறகு, வேலைக்கான நேர்முகத் தேர்வில் யாராவது "ஏன்?" என்று கேட்டால் பதில் வராது. கைடில் "என்ன" இருக்கும். "ஏன்" இருக்காது.

சரி, கடன் வாங்கிப் புத்தகம் வாங்கியவர்கள் கதை என்ன? அந்தப் புத்தகம் உழைப்பது ஒரு செமஸ்டர். அதாவது, சுமார் ஆறு மாதம். பிறகு அது பரணுக்குப் போய்விடுகிறது. உடன்குடி ஓலைப்பெட்டிகூட அதைவிட நீண்ட நாள் உழைக்கும்!

கோர்ட்டுக்குப் போன ஜெராக்ஸ் கடை

புத்தக விலைக் கவலை டெல்லி மாணவர்களுக்கும் உண்டு. டெல்லி பல்கலைக்கழக வளாகத்தில் ராமேஸ்வரி என்று ஒரு ஜெராக்ஸ் கடை. பேராசிரியர்கள் குறித்துக் கொடுத்த பகுதிகளைப் பல புத்தகங்களில் இருந்து நகல் எடுத்து, ஒன்றாகத் தைத்துக் கொடுத்தார்கள். பக்கத்துக்கு 40 பைசா.

2012-ம் ஆண்டு ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் உள்ளிட்ட வெளிநாட்டுப் பதிப்பகங்கள் வழக்குப் போட்டன. கேட்ட நஷ்டஈடு 60 லட்சம் ரூபாய்!

2016 செப்டம்பரில் டெல்லி உயர்நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது. பாடம் நடத்துவதற்காக நகல் எடுப்பதை 1957-ம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமே அனுமதிக்கிறது என்று நீதிபதி கூறினார். அப்பீல் விசாரித்த இரண்டு நீதிபதிகளும் அந்தக் கருத்தை ஏற்றார்கள். 2017 மார்ச் மாதம் பதிப்பகங்கள் வழக்கை வாபஸ் பெற்றன.

முழுப் புத்தகத்தையும் நகல் எடுத்துக் கடை போட்டு விற்கலாம் என்று இதற்கு அர்த்தம் அல்ல. எழுதியவருக்கும் வயிறு உண்டு. ஆனால் இரண்டு அத்தியாயத்துக்காக முழுப் புத்தகத்தை வாங்கு என்று ஏழை மாணவனைக் கட்டாயப்படுத்த வேண்டியது இல்லை.

ஒரு பீரோ போதும்

புத்தகத்தைக் கைமாற்றுவது இன்னும் நல்ல வழி. மத்திய அரசு 1978-79-ல் பட்டியல் இன மாணவர்களுக்காகப் புத்தக வங்கித் திட்டம் கொண்டுவந்தது. மருத்துவமும் பொறியியலும் படிக்கிறவர்களுக்கு, இரண்டு பேருக்கு ஒரு செட் புத்தகம். படித்து முடித்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டும். அடுத்த வருடம் அதே புத்தகம் வேறு இருவருக்குப் பயன்படும்.

இதை ஏன் எல்லாக் கல்லூரிகளும், எல்லாப் பாடங்களுக்கும் செய்யக் கூடாது? சீர்காழியில் பிறந்து, 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனவர் எஸ்.ஆர்.ரங்கநாதன். புத்தகம் பயன்படுத்துவதற்கே, பூட்டி வைப்பதற்கு அல்ல என்பதை 1931-லேயே நூலகத்தின் முதல் விதியாக எழுதி வைத்தார். இன்றும் சில நூலகங்களில் பூட்டுக்குத்தான் வேலை அதிகம்!

செலவு என்று பார்த்தால் ஒரு பீரோ, ஒரு நோட்டு. செமஸ்டர் முடிந்ததும் சீனியர் மாணவர்களிடம் புத்தகத்தைக் கேட்டு வாங்க ஓர் ஆள். அவ்வளவுதான்.

"புதிய பதிப்பு வந்துவிட்டதே?" என்று சிலர் தயங்குவார்கள். கணக்குப் புத்தகம் புதிய பதிப்பில் பெரிதாக மாறிவிடுவது இல்லை. வரிச் சட்டம் போன்ற பாடத்துக்கு மட்டும் புதியது அவசியம். எது மாறியிருக்கிறது என்று பேராசிரியரிடம் கேட்டுவிட்டுக் கடைக்குப் போகலாம். முதல் வாரத்திலேயே பட்டியலோடு ஓட வேண்டாம்.

ஏப்ரல், மே மாதத்தில் தேர்வு முடியும். அந்தச் சில நாட்களுக்குள் சீனியர் அக்காள், அண்ணன் வீட்டுக் கதவைத் தட்டிவிட வேண்டும். தாமதித்தால் பழைய பேப்பர்காரர் தராசோடு முந்திக்கொள்வார்.