ஓவியப் பிரதி விற்பனையும் நமது சங்கங்களும்

நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களின் அலமாரிகளில் பழைய டிசைன் தாள்கள் கட்டுக் கட்டாக உறங்குகின்றன. மயில்கண், ருத்திராட்சம், மல்லிமொக்கு, கோபுரக் கரை என்று தலைமுறை தலைமுறையாகத் தறியில் ஏறிய உருவங்கள், கட்டம் போட்ட தாளில் வண்ணம் தீட்டப்பட்டு அங்கே கிடக்கின்றன. சேலையாக நெய்து முடிந்த பின் அந்தத் தாளுக்கு வேலை இல்லை என்றே நாம் இதுவரை எண்ணி வந்திருக்கிறோம். அவற்றை நல்ல காகிதத்தில் அச்சிட்டு, வீட்டுச் சுவரில் மாட்டத்தக்க ஓவியப் பிரதிகளாக இணையச் சித்திரக்கூடங்களின் வாயிலாக விற்கலாமே என்ற யோசனையை இளைஞர்களான அங்கத்தினர் சிலர் இப்பொழுது எழுப்புகின்றனர். யோசனை நல்லதே. ஆனால் இந்த வியாபாரத்தின் உயிர்நிலை எது என்பதை அறியாமல் இறங்கினால், பலனைப் பிறர் கொண்டுபோக, பழியை மட்டும் சங்கம் சுமக்க நேரும். ஆதலின் என் அபிப்பிராயத்தை அங்கத்தினர் முன் வைக்க விரும்புகிறேன்.

முதலாவதாக, ஓவியப் பிரதி என்பது யாது? அது இரு வகைப்படும். கேட்பவர்க்கெல்லாம் கேட்ட போதெல்லாம் அச்சிட்டுக் கொடுப்பது ஒரு வகை. இத்தனை பிரதிகள்தாம் என்று முன்னதாகவே அறிவித்து, ஒவ்வொன்றின் அடியிலும் 1/50, 2/50 என்று பென்சிலால் எண்ணிட்டு, ஓவியரின் கையெழுத்துடன் வெளியிடுவது மற்றொரு வகை. முதல் வகை நாட்காட்டிப் படத்தை ஒத்தது. விலை குறைவு, போட்டி அதிகம். இரண்டாம் வகையில் வாங்குபவர் படத்துக்கு மட்டும் விலை கொடுப்பதில்லை. ஐம்பத்தோராவது பிரதி உலகில் இல்லை என்ற உறுதிக்கும் சேர்த்தே கொடுக்கிறார். அந்த உறுதியைக் காப்பவர் யார் என்பதே இந்த வியாபாரத்தின் முதற் கேள்வி.

இதற்கு விடை காண நாம் வெகு தூரம் செல்ல வேண்டும். கனடா நாட்டின் வடகோடியில், பாஃபின் தீவின் தென்மேற்குக் கரையை அடுத்து கிங்கெயிட் என்ற சிற்றூர் இருக்கிறது. முன்பு அதற்குக் கேப் டார்செட் என்று பெயர். ஆயிரத்து ஐந்நூறு பேர் கூட இல்லாத ஊர். சாலை வழியாக அங்கே செல்ல இயலாது. ஆண்டில் பெரும்பகுதி பனி மூடிக்கிடக்கும் அவ்வூரில் வாழ்பவர்கள் இனுயிட் மக்கள். வேட்டையும் மென்மயிர்த் தோல் வியாபாரமும் நலிந்து வந்த காலத்தில், ஜேம்ஸ் ஹூஸ்டன் என்ற ஓவியரின் தூண்டுதலால் 1957-ஆம் ஆண்டில் அவர்கள் படம் அச்சிடும் முயற்சியைத் தொடங்கினர். ஹூஸ்டன் ஜப்பானுக்குச் சென்று மர அச்சுக் கலையைக் கற்று வந்தார். 1959-இல் முதல் வருடாந்தரத் தொகுப்பு வெளியாயிற்று. அதே ஆண்டில் அவர்கள் தங்கள் கூட்டுறவுச் சங்கத்தையும் முறைப்படி அமைத்துக் கொண்டனர். அந்த மேற்குப் பாஃபின் கூட்டுறவுச் சங்கம் இன்றும் நடைபெறுகிறது.

அவர்களது முறையைக் கவனியுங்கள். ஓவியர் வரைந்த படத்தைச் சங்கம் பணம் கொடுத்து வாங்குகிறது. தேர்ந்தெடுத்த படத்தைக் கல் வெட்டுவதில் வல்லவர் ஒருவர் வழுவழுப்பான கல்லின் மேல் செதுக்குகிறார். கல்லில் மையிட்டு, மெல்லிய ஜப்பானியக் காகிதத்தைப் பரப்பி, கையால் தேய்த்து எடுக்கிறார்கள். வழக்கமாக ஒரு படத்துக்கு 50 பிரதிகள். ஐம்பதும் எடுத்து முடிந்ததும் கல்லின் முகத்தைத் தேய்த்து அழித்துவிடுகின்றனர். பின்னர் யார் விரும்பினாலும் அப்படத்தை அக்கல்லிலிருந்து எடுக்க முடியாது. பிரதியின் மேல் ஓவியர் பெயர் மட்டுமன்றி, அச்சிட்டவரின் அடையாளமும், பனிவீட்டைக் குறிக்கும் சங்கத்தின் சிவப்பு முத்திரையும் காணப்படும். விற்பனைக்கென்று 1978-இல் டொராண்டோ நகரில் சங்கமே தன் கிளை நிலையமொன்றை நிறுவியது. சித்திரக்கூடங்கள் அங்கிருந்து வாங்கி விற்கின்றன. சங்கத்தின் முயற்சி ஓவியத்தோடு நின்றுவிடவில்லை. ஊருக்குப் பண்டசாலையும் அதுவே நடத்துகிறது.

இச்சங்கத்தைச் சேர்ந்த கெனோஜுவாக் அஷெவாக் என்ற அம்மையார் வரைந்த ‘மந்திர ஆந்தை’ என்ற படம் 1960-ஆம் ஆண்டுத் தொகுப்பில் 50 பிரதிகளாக வெளிவந்தது. 1970-இல் கனடா அரசாங்கம் அதைத் தபால் தலையில் பொறித்தது. 2018-இல் அதன் ஒரு பிரதி ஏலத்தில் இரண்டு லட்சம் கனடா டாலருக்கு மேல் விலை போயிற்று. தபால் தலையில் லட்சக்கணக்கானோர் பார்த்துவிட்ட படத்துக்கு இத்தனை விலை எப்படி வந்தது? படத்தின் அழகு ஒரு காரணம். ஐம்பது என்று சொன்ன சங்கம் ஐம்பதோடு நின்றது என்பது மற்றொரு காரணம். அச்சொல்லில் ஒரு பிரதி பிசகியிருந்தாலும் அந்த விலை நின்றிராது.

இனி நம் நிலைமைக்கு வருவோம். நாம் கல்லில் செதுக்கப் போவதில்லை. டிசைன் தாளை நுட்பமாகப் படமெடுத்து, கணினிக் கோப்பாக்கி, நிறம் மங்காத மையால் பருத்திக் காகிதத்தில் அச்சிடப் போகிறோம். இங்கேதான் அபாயம் இருக்கிறது. கல் தேயும், கோப்பு தேயாது. கல்லை அழித்ததை ஊரார் கண்ணால் காணலாம். கோப்பை அழித்ததாக ஒருவர் சொன்னால் நம்புவதைத் தவிர வேறு வழியில்லை. கோப்பு யாரிடம் இருக்கிறதோ அவரிடமே அச்சுக்கூடமும் பதிப்பும் இருக்கின்றன என்று கொள்க.

இணையச் சித்திரக்கூடங்கள் பலவும் வியாபாரத்தை எளிதாக்கித் தருவதாகச் சொல்வது உண்மையே. கோப்பை மட்டும் அனுப்பினால் போதும். ஆர்டர் வரும்போது அவர்களே அச்சிட்டு, கட்டி, அனுப்பி, தங்கள் பங்கு போக மீதியைக் கணக்கில் செலுத்துவார்கள். சங்கத்துக்குச் சிரமமில்லை. ஆனால் எத்தனை பிரதிகள் அச்சாயின என்பதற்கு அவர்கள் அனுப்பும் அறிக்கையைத் தவிர வேறு சான்று இல்லை. வாங்கியவரின் பெயரும் முகவரியும் சங்கத்துக்குத் தெரிவிக்கப்படுவதும் அரிது. நூல் எங்கிருந்து வந்தது, சேலை எங்கே போயிற்று என்று அறியாமல் கூலிக்கு நெய்த காலத்தில் நெசவாளர் பட்ட பாடு நமக்குத் தெரியும். அதே உறவு வேறு உடையில் மீண்டும் வருவதை நாம் வரவேற்கலாகாது.

எடுத்துக்காட்டாக ஒரு கணக்குப் பார்ப்போம். ஒரு பிரதியின் விலை ரூ. 3,000 என்று வைத்துக் கொள்வோம். சித்திரக்கூடத்தின் தரகு நூற்றுக்கு நாற்பது எனில் ரூ. 1,200. காகிதமும் அச்சும் ரூ. 450. குழாய்க் கட்டும் தபாலும் ரூ. 200. வரியைத் தனியே விட்டால், எஞ்சுவது ரூ. 1,150. ஐம்பது பிரதிக்கு ரூ. 57,500. இது வீட்டை நிறைக்கும் செல்வமன்று. எனினும் தறிக்கு வேலை குறைந்த மாதங்களில் பயன்படும் தொகை. கணக்கில் வராமல் பத்துப் பிரதிகள் வெளியேறினால் உடனடி நஷ்டம் ரூ. 11,500. ஆனால் ‘அச்சங்கத்தின் எண்ணை நம்ப முடியாது’ என்ற பேச்சு எழுந்தால், அதன் பின் வெளியிடும் எந்தப் பதிப்புக்கும் விலை கிடையாது. அந்த நஷ்டத்தை எந்த ஐந்தொகையிலும் எழுதிக் காட்ட இயலாது.

ஆகவே என் முடிவு இதுதான். சித்திரக்கூடம் விற்கட்டும், எண்ணிக்கையைச் சங்கம் வைத்துக் கொள்ள வேண்டும். முழு நுட்பமுள்ள கோப்பு சங்கத்தை விட்டு வெளியே போகலாகாது. 12 அங்குலத்துக்கு 18 அங்குலம் அளவுள்ள பிரதியைத் தெளிவாக அச்சிட, அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் 3,600-க்கு 5,400 புள்ளிகள் கொண்ட கோப்பு வேண்டும். காட்சிக்கு வைக்க, நீளவாட்டில் 1,000 புள்ளியுள்ள சிறு படம் போதும். அதை எடுத்து யாரேனும் அதே அளவில் அச்சிட முயன்றால் மங்கலான உருவமே கிடைக்கும். அச்சிடுவது சங்கத்தின் மேற்பார்வையில் நடைபெற வேண்டும். ஒவ்வொரு பிரதிக்கும் பதிவேட்டில் ஒரு வரி இருக்க வேண்டும்: எண், அச்சிட்ட நாள், வாங்கியவர், தொகை. பழுதான பிரதியையும் கிழித்து, அதற்கும் ஒரு வரி எழுத வேண்டும். பங்குப் பதிவேட்டைப் பேணுகிற சங்கத்துக்கு இது புதிய வித்தை அன்று. ஆண்டுதோறும் தணிக்கைக்கு ஆட்படுகிற அமைப்பு என்பதால், எண்ணிக்கையைக் காக்கும் தகுதி தனி வியாபாரியை விடக் கூட்டுறவுச் சங்கத்துக்கே அதிகம்.

சட்ட விஷயத்திலும் விழிப்பு வேண்டும். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, படத்தின் முதல் உரிமையாளர் அதை வரைந்தவரே. சங்கம் சம்பளம் கொடுத்து வைத்துள்ள ஊழியர் தம் வேலையின் பகுதியாக வரைந்தது, வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, சங்கத்துக்கு உரியது. தம் வீட்டில் தம் பொறுப்பில் வரைந்த அங்கத்தினரின் படம் அவருக்கே உரியது. அவரது எழுத்து மூலமான சம்மதமின்றிச் சங்கம் அதைத் தொடலாகாது. உரிமை மாற்றுப் பத்திரத்தில் காலம் குறிக்கப்படாவிடில் அது ஐந்து ஆண்டு என்றும், நிலப்பரப்பு குறிக்கப்படாவிடில் இந்தியா மட்டும் என்றும் சட்டம் கொள்கிறது. ‘எக்காலத்துக்கும், உலகெங்கும்’ என்ற சொற்கள் சித்திரக்கூடத்தின் ஒப்பந்தத்தில் எங்கேனும் இருக்கின்றனவா என்று தேடிப் பார்த்த பிறகே கையெழுத்திட வேண்டும்.

நெசவாளர் முக்கியமாகக் கவனிக்க வேண்டிய வேறொரு விதியும் உண்டு. டிசைன் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்யத்தக்க ஓர் உருவத்தைப் பதிவு செய்யாமல், தொழில் முறையில் ஐம்பது தடவைக்கு மேல் பொருள்களில் ஏற்றிவிட்டால், அதன்மேல் உள்ள பதிப்புரிமை அற்றுப்போகும். மேலும், 2000-ஆம் ஆண்டு டிசைன் சட்டத்தின்படி, விண்ணப்பிப்பதற்கு முன்பே உலகறிய வெளியிட்ட டிசைனைப் பதிவு செய்ய முடியாது. புதிதாக வரைந்த கரை ஒன்றை ஆசையோடு இன்று இணையக் கூடத்தில் காட்சிக்கு வைத்துவிட்டு, அடுத்த மாதம் அதையே சேலைக்குப் பதிவு செய்யப் போனால் கதவு அடைபட்டிருக்கும். விசைத்தறிக்காரர் அதை நெய்தாலும் தடுக்க வழி இராது. முதலில் பதிவு, பிறகு காட்சி. இந்த வரிசை மாறலாகாது. மயில்கண்ணும் ருத்திராட்சமும் நம் முன்னோரின் பொதுச்சொத்து. அவற்றுக்கு எவரும் தனியுரிமை கொண்டாட முடியாது. அவற்றை ஒருவர் தம் கைத்திறத்தால் வரைந்த குறிப்பிட்ட வடிவத்துக்கே உரிமை உண்டு.

இத்திட்டத்துக்கு எதிராகச் சொல்லப்படும் இரண்டு வாதங்களுக்கு விடை கூற வேண்டும். நாம் நெசவாளர், படம் விற்பது நமக்கு எதற்கு என்பது முதல் வாதம். துணியும் ஓவியமும் ஒன்றையொன்று தாங்கிய வரலாறு நம் நாட்டிலேயே உண்டு. கே. சி. எஸ். பணிக்கர் தலைமையில் சென்னைக்கு அருகே 1966-இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை அமைத்தவர்கள், பத்திக் துணி முதலிய கைவினைப் பொருள்களைச் செய்து விற்று அம்முயற்சிக்குப் பணம் திரட்டினர். அங்கே துணி ஓவியத்தைத் தாங்கியது. இங்கே ஓவியம் தறியைத் தாங்கட்டும். பருத்தி விளைவிப்போருக்கும் இதில் பங்கு உண்டு. நூற்றாண்டுகள் நிலைத்து நிற்கும் ஓவியக் காகிதம் பருத்தியிலிருந்தே செய்யப்படுகிறது. புதுச்சேரியில் 1959-இல் தொடங்கிய அரவிந்தாசிரமத்தின் கைக்காகிதத் தொழிற்சாலை, பருத்தித் துணிக் கழிவைக் கொண்டே காகிதம் செய்து பெயர் பெற்றது.

சிறிய சங்கத்துக்கு இத்தனை வேலைக்கு ஆள் ஏது என்பது இரண்டாவது வாதம். இது நியாயமானது. அதற்காகவே கூட்டுறவில் கூட்டமைப்பு என்ற ஏற்பாடு இருக்கிறது. பத்துச் சங்கங்கள் சேர்ந்து ஒரு கோப்பறை, ஒரு பதிவேடு, ஒரு முத்திரை வைத்துக் கொள்ளலாம். அதுவும் இயலாதெனில் காத்திருப்பதே மேல். டிசைன் தாள் அலமாரியில் இருந்தால் கெட்டுவிடாது. கோப்பு கைமாறினால் மீளாது.

இம்முயற்சியில் இறங்க விரும்பும் சங்கம் பொதுப் பேரவையில் ஐந்து தீர்மானங்களை முதலில் நிறைவேற்றட்டும். தாள்களை வரைந்தவர் யார் என்று விசாரித்துப் பட்டியல் எழுதுதல். அவர்களிடமோ வாரிசுகளிடமோ எழுத்து மூலம் சம்மதம் பெறுதல். பதிப்பின் எண்ணிக்கையை முன்கூட்டியே நிர்ணயித்துப் பேரவைக் குறிப்பில் பதிதல். வரைந்தவரின் பங்கை இலாபத்திலிருந்தன்றி விற்பனை விலையிலிருந்தே முதலில் எடுத்து வைத்தல். இயந்திரத்தில் அச்சிட்டதை ‘கையால் வரைந்தது’ என்று எங்கும் சொல்லாமல், பிரதி என்றே கூறி விற்றல். இலாபம் வந்தால் பங்கு தருவோம் என்ற வாக்கு, செலவுக் கணக்கில் கரைந்துவிடும் என்பதைக் கணக்குப் பார்ப்பவர் எல்லோரும் அறிவர். ஆதலால்தான் நான்காவது தீர்மானத்தை வற்புறுத்துகிறேன்.

பிரதியின் அடியில் வரைந்தவர் பெயரும், அந்த உருவம் நெய்யப்பட்ட ஊரும், சங்கத்தின் முத்திரையும், எண்ணும் நிற்கட்டும். நம்மை ஒருபோதும் காணாத ஒருவர் எங்கோ ஒரு நகரத்தில் அந்த எண்ணை நம்பிப் பணம் அனுப்புகிறார். அந்த நம்பிக்கையைக் காக்கச் சங்கத்திடம் ஒரு பதிவேடும், அதை நாள் தவறாமல் எழுதும் ஒருவரும் இருந்தால் போதும். அவ்விரண்டும் உள்ள சங்கங்கள் துணிந்து தொடங்கலாம்.