பாட்டு இருக்கிறது, பாட்டெழுதியவர் எங்கே?

போன மாதம் நண்பர் ஒருவரின் காரில் செங்கல்பட்டு வரை போனேன். பென் டிரைவில் எழுநூறு பாட்டு வைத்திருந்தார். எல்லாம் பழசு, எல்லாம் தேன். ஆனால் ஸ்டீரியோவின் சின்னத் திரையில் '01', '02' என்று வெறும் நம்பர்தான் ஓடியது.

"என்ன சார், எல்லாம் அநாமதேயமா இருக்கு?" என்றேன்.

"டவுன்லோடு பண்ணின பாட்டுலெல்லாம் ஏதோ ஒரு வெப்சைட் பேரு ஓடிக்கிட்டே இருந்தது சார். ஒரே எரிச்சல். ஒரு சாஃப்ட்வேர் கிடைச்சுது. மொத்தத்தையும் செலக்ட் பண்ணி டேக்கைத் தூக்கிட்டேன். ஒரே நிமிஷம், சுத்தம்!"

மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது இதுதான். (திருட்டு டவுன்லோடு தனி வழக்கு. அதை இன்னொரு வாரம் வைத்துக்கொள்ளலாம்.) சிரிக்காதீர்கள். உங்கள் கம்ப்யூட்டரிலும் இப்படி ஒரு ஃபோல்டர் இருக்கும்.

எம்பி3 ஃபைலுக்குள் பாட்டோடு ஒரு சீட்டும் ஒட்டியிருக்கிறது. 1996-ல் எரிக் கெம்ப் என்பவர் ஆரம்பித்து வைத்தது. ஃபைலின் வாலில் வெறும் 128 பைட். தலைப்புக்கு 30, கலைஞருக்கு 30, ஆல்பத்துக்கு 30, வருஷத்துக்கு 4. 'எம்.எஸ்.விஸ்வநாதன்' என்று இன்றைய யூனிகோட் தமிழில் (யுடிஎஃப்-8) எழுதினால் ஐம்பது பைட் பிடிக்கும். அந்தப் பெட்டிக்குள் மெல்லிசை மன்னர் நுழையவே முடியாது! 1998-ல் இரண்டாம் பதிப்பு வந்தது. சீட்டு ஃபைலின் தலைமாட்டுக்குப் போனது, இடமும் தாராளமானது. இசையமைப்பாளருக்கு ஒரு பெட்டி, பாடலாசிரியருக்குத் தனியாக ஒரு பெட்டி. நண்பர் துடைத்தது இந்தப் பெட்டிகளை.

இலங்கை வானொலி கேட்டு வளர்ந்தவர்களைக் கேளுங்கள். படம், பாடியவர், எழுதியவர், இசை எல்லாவற்றையும் அறிவிப்பாளர் சொல்லிவிட்டுத்தான் பாட்டைப் போடுவார். கேட்டுக் கேட்டே மனப்பாடம் ஆகிவிடும். இன்றைக்குச் சட்டைப்பையில் ஐயாயிரம் பாட்டு வைத்திருக்கிறோம். எழுதியது யார் என்று கேட்டால் முழிக்கிறோம்.

துடைப்பதைவிட மோசம், தப்பாக எழுதுவது. 'பொண்ணுக்கு தங்க மனசு' 1973-ல் வந்த படம். இசை ஜி.கே.வெங்கடேஷ். அவரிடம் உதவியாளராக இருந்தவர்தான் இளையராஜா. ராஜாவின் முதல் படமான 'அன்னக்கிளி' வந்தது 1976-ல். ஆனால் வெங்கடேஷின் அந்தப் படப் பாட்டை 'இளையராஜா ஹிட்ஸ்' என்ற ஃபோல்டரில், ராஜா பெயரிலேயே பார்த்திருக்கிறேன். ராஜாவுக்கு இன்னொரு பாட்டு கூடுவதால் ஒன்றும் ஆகப் போவதில்லை. வெங்கடேஷுக்கு ஒன்று குறைந்தால்? தேதி இல்லாத என்ட்ரியை நம்பாதே என்று பி.காமில் சொல்லிக் கொடுத்தார்கள். வருஷம் என்கிற அந்த நாலு எழுத்துப் பெட்டியைத் துடைக்காமல் இருந்திருந்தால் இந்தப் பொய் அங்கேயே பிடிபட்டிருக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது? நம் காப்புரிமைச் சட்டத்தில் 2012-ல் 65பி என்றொரு பிரிவைச் சேர்த்தார்கள். படைப்பின் தலைப்பு, படைத்தவர் பெயர், நிகழ்த்தியவர் பெயர் போன்ற தகவல்களை அனுமதியில்லாமல், தெரிந்தே நீக்கினாலோ மாற்றினாலோ இரண்டு வருஷம் வரை சிறை, அபராதமும் உண்டு. பயப்படாதீர்கள், உங்கள் பென் டிரைவைத் தேடி போலீஸ் வரப்போவதில்லை. ஆனால் இது 'சும்மா க்ளீனிங்' இல்லை என்பதாவது புரியட்டும்.

அப்படியென்றால் எதையுமே அழிக்கக் கூடாதா? தாராளமாக அழியுங்கள். வெப்சைட் விளம்பரத்தை அழியுங்கள். 2007-ல் ஐட்யூன்ஸ் பூட்டில்லாத பாட்டுகளை விற்க ஆரம்பித்தபோது, வாங்கியவரின் பெயரும் ஈமெயிலும் ஃபைலுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தன. அந்த மாதிரி சமாசாரத்தை வைத்துக்கொண்டு ஊரைச் சுற்ற வேண்டுமென்று யாரும் சொல்லவில்லை. வாங்கியவரை அடையாளம் காட்டும் ஏற்பாடுகளை நம் சட்டமும் அந்தப் பாதுகாப்பில் சேர்க்கவில்லை. வாங்கியவன் பெயர் வேறு, படைத்தவன் பெயர் வேறு. ஒரே 'டெலீட்'டில் இரண்டையும் தீர்த்துக்கட்டுவதுதான் அநியாயம்.

இதற்கென்றே எம்பி3டேக் என்ற மென்பொருள் இருக்கிறது. விண்டோஸில் இலவசம். திறந்தால் இடது பக்கம் தலைப்பு, கலைஞர், ஆல்பம், வருஷம், இசையமைப்பாளர் என்று பெட்டிகள் வரிசையாக நிற்கும். பாடலாசிரியரை மட்டும் காணோம்! உலகம் முழுக்க இதே கதிதான் போலிருக்கிறது. 'எக்ஸ்டெண்டட் டேக்ஸ்' என்ற ஜன்னலுக்குள் போய் 'லிரிசிஸ்ட்' என்று நீங்களே சேர்க்க வேண்டும். ஒரு பாட்டுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது. துடைக்க நேரமிருந்ததே, எழுத இருக்காதா?

திரும்பி வரும்போது சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்தில் டி.எம்.எஸ். பாட்டு ஒன்று வந்தது. சரணத்தில் ஒரு வரி. நண்பர் காரின் வேகத்தைக் குறைத்துவிட்டார்.

"அடடா... இதை எழுதினது யாரு சார், கண்ணதாசனா, வாலியா?"

இரண்டு பேருமாகத் திரையைப் பார்த்தோம். '37' என்று ஓடிக்கொண்டிருந்தது.