மாவட்டம் வந்துவிட்டது, பதில் சொல்லும் அலுவலகம் எங்கே? தென்காசியின் பேருந்துகளும் கல்லூரிகளும்

2019 நவம்பர் 22 அன்று திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தென்காசி தனி மாவட்டமானது. செங்கோட்டை, கடையநல்லூர், சங்கரன்கோவில், ஆலங்குளம் என எட்டு வட்டங்கள் அதில் அடங்கின. எந்த வேலைக்கும் இனி நெல்லைக்கு ஓட வேண்டியதில்லை என்று எல்லோரும் மகிழ்ந்தோம். பட்டா, சான்றிதழ், உதவித்தொகை போன்ற வருவாய்த்துறை வேலைகளில் அந்த மகிழ்ச்சிக்குக் காரணமும் இருந்தது.

ஆனால் நம் பிள்ளைகளின் அன்றாடத்தை முடிவு செய்யும் இரண்டு விஷயங்களில் நிலைமை வேறு. காலையில் வர வேண்டிய பேருந்து வராவிட்டால் யாரைக் கேட்பது? கல்லூரியில் பாடம் எடுக்க ஆசிரியர் இல்லை என்றால் யாரைக் கேட்பது? அரசுப் பேருந்துகளை இயக்கும் போக்குவரத்துக் கழகத்தின் தலைமை அலுவலகம் திருநெல்வேலியில் இருக்கிறது. கல்லூரிக் கல்வி இணை இயக்குநர் அலுவலகமும் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகமும் அங்கேதான் இருக்கின்றன. ரயில் விஷயமாகப் பேச வேண்டுமென்றால் மதுரைக் கோட்டத்துக்குப் போக வேண்டும். மாவட்டம் நம்முடையது, முடிவெடுக்கும் மேசைகள் வெளியூரில் கிடக்கின்றன. இந்த இடைவெளிதான் நம் பகுதியின் பல குறைகளுக்கு வேர்.

இலவசப் பயணம் இருக்கிறது, பேருந்து இருக்கிறதா?

2021 மே மாதம் முதல் சாதாரண கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணம் செய்கிறார்கள். பின்னர் இதற்கு ‘விடியல் பயணம்’ என்று பெயர் வைக்கப்பட்டது. கூலி வேலைக்குப் போகும் பெண்களுக்கும், பீடி சுற்றும் பெண்களுக்கும், கல்லூரி மாணவிகளுக்கும் இது பெரிய உதவி என்பதில் இரண்டாவது கருத்து இல்லை. குறை சொல்ல வேண்டும் என்பதற்காக நல்லதை மறைக்கக் கூடாது.

ஆனால் இந்தச் சலுகை டவுன் பஸ்சுக்கு மட்டும்தான். சென்னை, மதுரை போன்ற பெருநகரங்களில் மக்களின் பெரும்பாலான பயணம் டவுன் பஸ்சிலேயே முடிந்துவிடும். தென்காசி மாவட்டத்தின் அமைப்பு அப்படி அல்ல. இங்கே ஒரே பெருநகரம் என்று எதுவும் கிடையாது. தென்காசி, செங்கோட்டை, கடையநல்லூர், புளியங்குடி, சுரண்டை, ஆலங்குளம், சங்கரன்கோவில் எனச் சிற்றூர்களும் நடுத்தர ஊர்களும் சிதறிக் கிடக்கின்றன. ஓர் ஊரில் வீடு, அடுத்த ஊரில் கல்லூரி, மூன்றாவது ஊரில் மருத்துவமனை என்பதே இங்குள்ள வாழ்க்கை. இந்த ஊர்களை இணைப்பதில் பெரும்பங்கு மொபசல் பேருந்துகளுக்குத்தான். டவுன் பஸ் வராத நேரத்தில் மாணவி மொபசல் பஸ்சில் ஏறினால் டிக்கெட் எடுத்தே ஆக வேண்டும். ஆகவே ஒரு டவுன் பஸ் நடை ரத்தானால் அந்தப் பெண்ணுக்கு நேரமும் போகிறது, பணமும் போகிறது.

விதியைத் தளர்த்த முடியாது என்று சொல்வதற்கும் இடமில்லை. நீலகிரி, கொடைக்கானல், வால்பாறை போன்ற மலைப்பகுதிகளில் நகரப் பேருந்து முறை பொருந்தாது என்பதை அரசே உணர்ந்து, 2024-25 நிதிநிலை அறிக்கையில் இத்திட்டத்தை அங்கேயும் நீட்டித்தது. நிலவியலைப் பார்த்து விதியை மாற்றலாம் என்பதற்கு இது முன்னுதாரணம். சிற்றூர்கள் சிதறிய மாவட்டங்களில், குறிப்பிட்ட தூரம் வரையிலாவது மொபசல் பேருந்துகளிலும் கல்லூரி மாணவிகளுக்கு இச்சலுகை வேண்டும் என்று கேட்பது பேராசை ஆகாது.

நடை ஏன் ரத்தாகிறது?

பேருந்து வரவில்லை என்றால் நாம் திட்டுவது ஓட்டுநரையும் நடத்துநரையும்தான். உண்மையில் அவர்களும் இந்தக் குறையைச் சுமப்பவர்களே. ஓய்வு பெற்றவர்களின் இடம் நிரப்பப்படாமல் இருந்தால், இருப்பவர்கள் கூடுதல் பணி பார்க்க வேண்டும், அல்லது வண்டி டிப்போவிலேயே நிற்க வேண்டும். 2024 ஜனவரியில் போக்குவரத்துத் தொழிற்சங்கங்கள் நடத்திய வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் காலிப்பணியிடங்களை நிரப்புவதும், ஓய்வு பெற்றோருக்கான அகவிலைப்படி நிலுவையும் முக்கியமானவை. 2025 மார்ச்சில்தான் மாநிலம் முழுவதற்கும் 3,274 ஓட்டுநர் - நடத்துநர் பணியிடங்களுக்கு அறிவிப்பு வந்தது.

இன்னொரு பக்கம் கட்டணம். அரசுப் பேருந்துக் கட்டணம் 2018 ஜனவரியில் உயர்த்தப்பட்டது. அதன்பின் டீசல் விலை எங்கோ போய்விட்டது. கட்டணத்தை உயர்த்தாதது ஏழைகளுக்கு நல்லது. ஆனால் அந்த இழப்பை அரசு முழுமையாக ஈடு செய்யாவிட்டால், போக்குவரத்துக் கழகம் தன் கணக்கைச் சரிக்கட்ட எங்கே கை வைக்கும்? வருமானம் குறைந்த தடங்களில்தான். கிராமத்துக்குள் போய்த் திரும்பும் தடம், கடைசி நேர நடை, விடுமுறை நாள் நடை இவைதான் முதலில் காணாமல் போகும். அறிவிப்பு எதுவும் இருக்காது. மக்கள் சில நாள் காத்திருந்து, பிறகு ஷேர் ஆட்டோவுக்கு மாறிவிடுவார்கள். ‘பயணிகள் இல்லை’ என்று அந்தத் தடமும் மெல்ல மூடப்படும்.

குற்றாலத்தில் இதற்கு மேலும் ஒரு சிக்கல் சேருகிறது. சாரல் தொடங்கும் ஜூன் மாதமே கல்லூரிகள் திறக்கும் மாதம். சுற்றுலா வாகனங்களால் தென்காசி - குற்றாலம் சாலை திணறும் நாட்களில், அதே சாலையில்தான் மாணவிகள் வகுப்புக்குப் போக வேண்டும். சீசனுக்கு வருபவர்களுக்காகத் திட்டமிடும் நிர்வாகம், ஆண்டு முழுவதும் அந்தச் சாலையில் போய் வருபவர்களின் காலை நேரத்தையும் அந்தத் திட்டத்தில் சேர்க்க வேண்டும்.

மினி பஸ்: கையில் இருக்கும் வாய்ப்பு

1997-இல் தமிழ்நாட்டில் மினி பஸ் திட்டம் வந்தபோது, பேருந்து இல்லாத பகுதியில் 16 கிலோமீட்டர், பேருந்து ஓடும் பகுதியில் 4 கிலோமீட்டர் என்று வரம்பு இருந்தது. 2025 ஜூனில் நடைமுறைக்கு வந்த புதிய திட்டத்தில் தடத்தின் நீளம் 25 கிலோமீட்டர் வரை போகலாம். அதில் குறைந்தது 65 சதவீதம் பேருந்து வசதி இல்லாத பாதையாக இருக்க வேண்டும்.

இதில் நமக்கு முக்கியமானது என்னவென்றால், தடத்தை முடிவு செய்யும் வட்டாரப் போக்குவரத்து ஆணையத்தின் தலைவர் மாவட்ட ஆட்சியர். பேருந்துக் கழகம் நெல்லையில் இருந்தாலும், இந்த ஒரு அதிகாரம் தென்காசியிலேயே இருக்கிறது. வடகரை, அச்சன்புதூர், பொட்டல்புதூர், வீராணம், வாவாநகரம் போன்ற ஊர்களில் எந்தத் தெருவிலிருந்து எந்தக் கல்லூரிக்குப் பேருந்து தேவை என்பதை ஊர்க்காரர்கள் எழுதிக் கொடுத்தால் கேட்க வேண்டிய இடம் பக்கத்திலேயே உண்டு. அதேநேரம், மினி பஸ் தனியாருடையது. அதில் விடியல் பயணம் கிடையாது. மினி பஸ் வந்துவிட்டது என்ற காரணத்தைக் காட்டி அரசு டவுன் பஸ்சை எடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டிய பொறுப்பும் நமக்கு உண்டு.

கல்லூரிக்குள் என்ன நடக்கிறது?

பேருந்து கிடைத்துக் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால் மட்டும் போதுமா? குற்றாலத்தில் 1964 முதல் இயங்கும் ஸ்ரீ பராசக்தி மகளிர் கல்லூரி, குற்றாலநாத சுவாமி கோயில் சார்பில் இந்து சமய அறநிலையத் துறையின் கீழ் நடத்தப்படுகிறது. சுற்றுவட்டாரத்தின் எல்லாச் சமுதாயப் பெண்களும், நம் வீட்டுப் பெண்களும் அங்கே பட்டம் பெற்றிருக்கிறார்கள். சுரண்டையிலும் கடையநல்லூரிலும் அரசுக் கல்லூரிகள் உள்ளன. ஊருக்கு அருகில் கல்லூரி வந்த பிறகுதான், பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தும் வழக்கம் பல குடும்பங்களில் மாறத் தொடங்கியது.

அதற்கு அரசும் கைகொடுத்தது. அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் ‘புதுமைப் பெண்’ திட்டம் 2022 செப்டம்பர் 5-இல் தொடங்கியது. 2024 டிசம்பரில் அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் அது விரிவானது.

மாணவி வந்துவிட்டாள். ஆசிரியர் வந்தாரா? 2019-இல் 2,331 உதவிப் பேராசிரியர் பணியிடங்களுக்கு வெளியான அறிவிக்கை கடைசியில் கைவிடப்பட்டது. 2024 மார்ச்சில் 4,000 பணியிடங்களுக்கு மீண்டும் அறிவிக்கை வந்தது. அந்த ஆண்டு ஆகஸ்டில் நடக்க வேண்டிய தேர்வு தள்ளிப்போனது. இந்தக் காலம் முழுவதும் அரசுக் கல்லூரிகளின் வகுப்பறைகளைத் தாங்கியவர்கள் கௌரவ விரிவுரையாளர்கள். பல்கலைக்கழக மானியக் குழு 2019-இல் இவர்களுக்கு மாதம் 50,000 ரூபாய் வரை பரிந்துரைத்தது. தமிழ்நாட்டில் தரப்பட்டது 25,000 ரூபாய். நாளை வேலை இருக்குமா என்று தெரியாத ஒருவரிடம் மூன்றாண்டுப் படிப்பை ஒப்படைத்துவிட்டு, மாணவிகளின் தரம் சரியில்லை என்று பேசுவது நியாயமில்லை.

கல்லூரிச் சீர்திருத்தம் என்றால் புதிய கட்டடமும் புதிய பெயர்ப்பலகையும் மட்டுமே நினைவுக்கு வருகின்றன. உண்மையான சீர்திருத்தம் மூன்று எளிய கேள்விகளில் தொடங்குகிறது. அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் எத்தனை? அதில் நிரந்தர ஆசிரியர்கள் எத்தனை பேர்? அரசு உதவிபெறும் பிரிவுக்கும் சுயநிதிப் பிரிவுக்கும் தனித்தனியே வாங்கப்படும் கட்டணம் எவ்வளவு? இந்த மூன்றுக்கும் கல்லூரியின் அறிவிப்புப் பலகையிலேயே பதில் இருக்க வேண்டும்.

கேட்பதற்குச் சட்டம் இருக்கிறது

2006 நவம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட சச்சார் குழு அறிக்கை, முஸ்லிம்கள் அதிகம் வாழும் கிராமங்களில் நல்ல இணைப்புச் சாலைகளும் பேருந்து நிறுத்தங்களும் போதுமான அளவில் இல்லை என்பதை நாட்டுக்குச் சொன்னது. கல்வியில் பின்தங்கியதற்கான காரணத்தை மார்க்கத்திலும் வீட்டிலும் தேடிக்கொண்டிருந்தவர்களுக்கு, சாலையையும் பேருந்து நிறுத்தத்தையும் காட்டியது அந்த அறிக்கை. 2007-இல் தமிழ்நாட்டில் 3.5 சதவீத உள் ஒதுக்கீடும் கிடைத்தது. ஒதுக்கீடு கல்லூரியில் இடம் தரும். அந்த இடத்துக்குப் போய்ச் சேர்வது பேருந்தின் கையில் இருக்கிறது.

அதைக் கேட்டு வாங்கும் வழிகளும் உண்டு. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இன்படி, பத்து ரூபாய் கட்டணத்தில், நம் ஊர்த் தடத்தில் கடந்த ஆறு மாதத்தில் எத்தனை நடைகள் திட்டமிடப்பட்டன, எத்தனை இயக்கப்பட்டன, இயக்காததற்குக் காரணம் என்ன என்று கேட்கலாம். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். தராவிட்டால் மேல்முறையீடு உண்டு. காரணமின்றித் தாமதித்த அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கத் தகவல் ஆணையத்துக்கு அதிகாரம் இருக்கிறது. கல்லூரி விஷயத்தில், பல்கலைக்கழக மானியக் குழுவின் 2023 விதிமுறைப்படி ஒவ்வொரு கல்லூரியிலும் மாணவர் குறைதீர்க்கும் குழு இருக்க வேண்டும். அதன் முடிவில் திருப்தி இல்லையென்றால் பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.

தனியாள் ஒருவர் கொடுக்கும் மனு கோப்புக்குள் போய்விடும். அதையே ஊர் ஜமாஅத்தும், பக்கத்துத் தெருக்களின் மற்ற சமுதாயப் பெரியவர்களும், பெற்றோரும் சேர்ந்து, நாள், நேரம், தடம் ஆகியவற்றைக் குறித்த பட்டியலோடு திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் கொடுத்தால் அதற்கு எடை அதிகம். பேருந்து எந்தச் சமுதாயத்துக்கும் தனியாக ஓடுவதில்லை. அதனால் இந்தக் கோரிக்கையையும் எல்லோரும் சேர்ந்தே எழுப்ப வேண்டும். அந்தக் குழுவில் தினமும் பேருந்தில் போய் வரும் மாணவிகளும் இருக்க வேண்டும். குறை எங்கே இருக்கிறது என்பது நம்மைவிட அவர்களுக்குத்தான் தெரியும்.

அரசிடம் கேட்க வேண்டியதும் தெளிவாக இருக்கட்டும். தென்காசி மாவட்டத்துக்கென முடிவெடுக்கும் அதிகாரம் கொண்ட போக்குவரத்துக் கழக அலுவலர் ஒருவரும், கல்லூரிக் கல்வித் துறை அலுவலர் ஒருவரும் மாவட்டத் தலைநகரில் இருக்க வேண்டும். மாதந்தோறும் ரத்தான நடைகளின் கணக்கை டிப்போ வாசலில் ஒட்ட வேண்டும். கல்லூரி தொடங்கும், முடியும் நேரங்களைப் பார்த்துப் பேருந்து அட்டவணையை அமைக்க வேண்டும். இவற்றில் எதற்கும் கோடிகள் தேவையில்லை.

அதிகாரம் என்பது அமானிதம். அதைச் சுமப்பவர் எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும், கணக்குக் கேட்கும் உரிமை மக்களுக்கு உண்டு. தேர்தல் நேரத்தில் வாக்குக் கேட்டு நம் தெருவுக்கு வருபவர்களிடம் முதலில் வைக்க வேண்டிய கேள்வி இதுதான்: எங்கள் ஊருக்குக் காலையில் வர வேண்டிய டவுன் பஸ் கடந்த மாதம் எத்தனை நாள் வந்தது?