புதுக் காரா? பழைய காரா?

காரில் வேகமும் வேண்டும். குடும்பம் முழுவதும் உட்காரவும் வேண்டும். இப்படி நினைப்பவர்கள் ஸ்லாவியா, விர்ட்டஸ் போன்ற நடுத்தர செடான் கார்களை நாடுகிறார்கள். இவற்றின் 1.5 லிட்டர் டர்போ என்ஜின் 150 குதிரைசக்தி கொண்டது.

2025 செப்டம்பர் 22-ந் தேதி இவற்றின் வரி 45 சதவீதத்தில் இருந்து 40 சதவீதமாகக் குறைந்தது.

அதனால் புதுக் கார்தான் லாபமா? அவசரம் வேண்டாம்! புதிதின் விலை இறங்கினால், பழைய காருக்கும் பழைய விலை கேட்க முடியாது. பேரம் பேசலாம்.

ஆனால், வேகக் காரை வாங்கியவர் வேகமாகவே ஓட்டி இருப்பார். டயர், பிரேக், கிளட்ச் ஆகியவற்றை மெக்கானிக்கிடம் காட்டுவது நல்லது. ஆர்.சி.யில் கடன் பதிவு உண்டா என்றும் பார்க்க வேண்டும்.

உத்தரவாதம் வேண்டுமா? புதிது. சிக்கனம் வேண்டுமா? சோதித்துப் பார்த்த பழையது.

கடனில் வாங்கிய கார் எவ்வளவு வேகமாக ஓடினாலும், மாதத் தவணை அதைவிட வேகமாக வந்துவிடும்!