மேட்லாபை மூடிட்டு கிணத்துக்கு வாங்க

கிணத்துல எட்டிப் பார்த்து கத்தியிருக்கீங்களா? ஒரு தடவை கத்தினா பல தடவை திரும்பி வரும். தண்ணிக்கு அடியில பேசுறதுல இருக்கிற பெரிய தலைவலியும் இதே எதிரொலிதான்.

கடல்நீரில் ரேடியோ அலை தூரம் போகாது, ஒலியைத்தான் அனுப்பணும். அதன் வேகம் நொடிக்குச் சுமார் 1500 மீட்டர்தான். எதிரொலி 15 மீட்டர் சுத்தி வந்தாலே 10 மில்லிசெகண்ட் லேட். அடுத்த பிட்டுகள் மேல வந்து விழும். அதனால நமக்கு முன்னாடியே தெரிஞ்ச பைலட் சிக்னலை அனுப்பி, அது எப்படிச் சிதைஞ்சு வருதுன்னு பார்த்துக் கணக்குப் போடறோம். இதுதான் சேனல் எஸ்டிமேஷன்.

2025 பிப்ரவரியில் காட்டுப்பள்ளி துறைமுகத்தில் மத்ஸ்யா 6000 நீர்மூழ்கியைச் சோதிச்சப்போ, அங்கே ஆழம் குறைவுங்கறதால நீருக்கடிக் குரல் தொடர்பு முழுசா எடுபடலை. என்.ஐ.ஓ.டி.யே தண்ணியில இறக்கித்தான் தெரிஞ்சுக்குது.

நாம? சேலத்துல உட்கார்ந்து, மேட்லாப் தர்ற ரேண்டம் சேனலுக்கு கர்வ் வரைஞ்சு ரிவ்யூவை முடிக்கிறோம். என் புராஜெக்டும் அப்படித்தான். கேள்வித்தாள் எடுத்தவனே பரீட்சையும் எழுதுற கதை இது.

மேட்டூர் அணைன்னா அனுமதி வாங்கணும். நாமக்கல் பக்கம் தெரிஞ்சவங்க தோட்டத்துக் கிணறு போதுமே! ஜூனியர்ஸ், ரெண்டு பீசோ டிஸ்க்கைத் தண்ணி புகாம சீல் பண்ணி இறக்குங்க. கர்வ் அசிங்கமாத்தான் வரும். ஆனா அது தண்ணி சொன்ன பதில்.